யூபிலி ஆண்டும் மூதாதையர் நிலமும்

(நமது பங்கின் நூற்றாண்டு விழா நவநாளின் ஐந்தாம் மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழா என்றதும் கொடிமரம், தேர், மின்விளக்கு, விழா மலர், வரவு செலவு என்றுதான் நம் எண்ணம் ஓடுகிறது. விழாக் கமிட்டியார் இன்று மாலைக்கு 'யூபிலியின் பொருள்' என்ற தலைப்பைத் தந்து, அரை மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். இரவு கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருவோம்.

யூபிலி என்பது எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. அச்சொல் ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிப்பது. ஏழு ஏழாண்டுகள் கழிந்து ஐம்பதாம் ஆண்டு பிறக்கும்போது, பாவப் பரிகார நாளில் அந்தக் கொம்பை நாடெங்கும் ஊத வேண்டும் என்று லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. கொம்பு ஊதியதும் என்ன நடக்க வேண்டும்? திருவிழாவா? அல்ல. கடன்பட்டு நிலத்தை விற்றுவிட்டவன் அந்த நிலத்துக்குத் திரும்புகிறான். வறுமையால் தன்னையே விற்று அடிமையானவன் தன் குடும்பத்துக்குத் திரும்புகிறான். வாங்கியவன் முணுமுணுக்கக் கூடாது. ஏனெனில் அவன் நிலத்தை வாங்கவே இல்லை, அடுத்த யூபிலி வரை கிடைக்கும் விளைச்சல்களைத்தான் வாங்கினான். யூபிலிக்கு இன்னும் பல அறுவடைகள் இருந்தால் விலை கூடுதல்; சில அறுவடைகளே இருந்தால் விலை குறைவு. கணக்குத் தெரிந்த சட்டம் அது! நிலம் ஆண்டவருடையது, மக்கள் அவரிடம் குடியிருப்போர் மட்டுமே. ஆகவே எவரும் அதை நிரந்தரமாக விற்கவோ வாங்கவோ முடியாது என்பதே அந்தச் சட்டத்தின் அடிப்படை.

இஸ்ராயேல் மக்கள் இச்சட்டத்தை எந்த அளவுக்கு நிறைவேற்றினார்கள் என்பது பற்றி விவிலிய அறிஞர்களிடையே விவாதம் உண்டு. அதற்குள் நாம் போகவில்லை. 1300-ஆம் ஆண்டில் பாப்பரசர் எட்டாம் போனிப்பாசியார் திருச்சபையின் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தார். உரோமைக்குத் திருயாத்திரை, பாவமன்னிப்பு, பரிபூரண பலன் என்று யூபிலி அன்று முதல் ஆன்ம விழாவாக மலர்ந்தது. 2025-ஆம் ஆண்டையும் திருச்சபை அவ்வாறே கொண்டாடியது. இவை யாவும் நல்லவையே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: கொம்பை எடுத்துக்கொண்டோம், நிலத்தை மறந்துவிட்டோம்.

சிறு வயதில் ஞானோபதேசத்தில் படித்தோமே, திருடியவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, திருடிய பொருளை உரியவனிடம் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று? ஒருவன் அண்டை வீட்டுச் சேவலைத் திருடிக் குழம்பு வைத்துவிட்டு வந்து அழுதால், அழுகையோடு சேவலின் விலையையும் கேட்பதுதான் குருவின் கடமை. சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகே அவ்வீட்டுக்கு மீட்பு வந்தது. ஆனால் ஒரு நாடே இன்னொரு நாட்டின் நிலத்தை எடுத்துக்கொண்டால்? எடுத்தவனும் இறந்து, இழந்தவனும் இறந்து, பேரப்பிள்ளைகள் மட்டும் மிஞ்சியிருந்தால்? அப்போது யாரிடமிருந்து யாருக்குத் திரும்பக் கொடுப்பது? காலனி ஆட்சி முடிந்த நாடுகள் பலவற்றை இன்றும் உறுத்துகிற கேள்வி இது. நம் கரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பதைப் பின்னால் சொல்வோம்.

நாபோத்தின் கதை உங்களுக்குத் தெரியும். அவன் திராட்சைத் தோட்டம் ஆகாபு அரசனின் அரண்மனைக்கு அருகில் இருந்தது. அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையேல் பணம் தருகிறேன் என்றான் அரசன். வியாபாரம் என்று பார்த்தால் அநியாயமான பேரம் அல்ல. தகப்பன்மார் வழி வந்த உரிமையைக் கைவிட மாட்டேன் என்று நாபோத் மறுத்தான். அதற்குப் பின் நடந்ததை ஊன்றிப் பாருங்கள். அரசி யெசபேல் ஆள் வைத்து இரவோடு இரவாகக் கொல்லவில்லை. கடிதம் எழுதினாள். அரச முத்திரை இட்டாள். ஊர்ப் பெரியோரைக் கூட்டினாள். சட்டம் கேட்கிற இரண்டு சாட்சிகளை நிறுத்தினாள். விசாரணை நடந்தது, தீர்ப்பு வந்தது, கல்லெறிந்தார்கள். எல்லாம் முறைப்படி! நிலப்பறிப்பு பெரும்பாலும் தாளோடும் முத்திரையோடும்தான் வருகிறது.

அத்தகைய தாள்கள் சில திருச்சபையின் பெட்டகத்திலிருந்தே புறப்பட்டன என்பதை நூற்றாண்டு விழா மேடையில் சொல்லத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். சொல்ல வேண்டும் என்பதே நம் கருத்து. 1452-இலும் 1455-இலும் பாப்பரசர் ஐந்தாம் நிக்கோலாஸ் போர்ச்சுக்கல் அரசருக்கு எழுதிய ஆணை மடல்கள், ஆப்பிரிக்கக் கரையில் தொடங்கித் தெற்கே அவர்கள் கண்டுபிடிக்கும் நாடுகளைக் கைப்பற்றவும், அங்குள்ள கிறிஸ்தவரல்லாதோரை அடிமைப்படுத்தவும் அனுமதி தந்தன. 1493-இல் ஆறாம் அலெக்சாந்தர் ஸ்பெயின் அரசருக்கு மேற்கே உள்ள நாடுகளை இவ்வாறே வழங்கினார். அந்நாடுகளில் வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

1455-ஆம் ஆண்டு மடலில் இன்னொரு பகுதியும் உண்டு. கைப்பற்றும் நாடுகளில் கோவில்கள் கட்டவும் குருக்களை அனுப்பவும் போர்ச்சுக்கல் அரசருக்கு அது பொறுப்புத் தந்தது. பின்னாளில் 'பதுருவாதோ' என்று வழங்கிய அரச ஞானாதரவு இந்த வேரிலிருந்து வளர்ந்தது. 1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறையில் நம் முன்னோர் ஞானஸ்நானம் பெற்றது அந்த ஞானாதரவின் கீழ்தான். 1542-இல் புனித சவேரியார் கோவாவில் வந்து இறங்கி, அங்கிருந்து நம் கரைக்கு வந்ததும் போர்ச்சுக்கல் அரசரின் அனுப்புதலால்தான். ஒரே மடல் ஓரிடத்தில் மனிதரை அடிமையாக்கியது. வேறோரிடத்தில் நமக்கு வேதம் கொண்டுவந்தது. ஞானஸ்நானத் தொட்டிக்குத் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியே வந்தது என்று அறிந்துகொள்வது நன்றிகேடு ஆகாது. தண்ணீர் இறைவனுடையது. வாய்க்கால் மனிதர் வெட்டியது.

நியாயத்துக்கு இதையும் சொல்வோம்: 1537-இல், அதாவது நம் முன்னோர் மனந்திரும்பிய அதே ஆண்டுகளில், பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் அமெரிக்கப் பழங்குடியினரைக் குறித்து ஒரு மடல் எழுதினார். அவர்கள் கிறிஸ்தவரல்லாதோராயினும் அவர்களுடைய சுதந்தரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அதில் தெளிவாகச் சொன்னார். அரசர்கள் முதல் மடல்களைப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். இந்த மடலைப் பெரும்பாலும் மதிக்கவில்லை. கிறிஸ்தவ அரசன் கண்டெடுத்த நிலம் அவனுடையது என்னும் கொள்கை, பாப்பரசரை ஏற்காத நாடுகளுக்கும் பரவியது. 1823-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், நிலத்தின் உடைமை அதைக் கண்டுபிடித்த நாட்டையே சேரும், பழங்குடியினருக்கு அதில் குடியிருக்கும் உரிமை மட்டுமே உண்டு என்று தீர்ப்பெழுதினார்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஜூலையில் கனடா நாட்டுக்குச் சென்று அங்குள்ள பழங்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் நிறைவேற்றிய ஒரு திருப்பலியின்போதே, அந்தக் கொள்கையை ரத்து செய்யுங்கள் என்று எழுதிய துணியைச் சிலர் விரித்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு, 2023 மார்ச் 30-ஆம் நாள், வத்திக்கானின் இரண்டு பேராயங்கள் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டன. அந்தக் கொள்கை திருச்சபையின் போதனையைச் சார்ந்தது அன்று, அந்த மடல்கள் பழங்குடி மக்களின் சம மாண்பைப் போதிய அளவு எடுத்துக்காட்டவில்லை, திருச்சபை அக்கொள்கையை மறுதலிக்கிறது என்பது அதன் சாரம். வரவேற்கத் தக்க அறிக்கை. ஆனால் முதல் மடலிலிருந்து எண்ணினால் 571 ஆண்டுகள் ஆயின. தாளைத் தாள் மறுத்தது. நிலம்?

நிலம் எப்படித் திரும்பும் என்பதற்கு நம்மைப் போன்ற கடலோடிகளின் கதை ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினித் தீவுக்கும் இடையே டாரஸ் நீரிணை என்று ஒரு கடல். அதன் கிழக்கே மெர் என்றொரு சின்னத் தீவு. ஆங்கிலேயர் அதற்கு மர்ரே தீவு என்று பெயரிட்டார்கள். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளம். வாழை, தென்னை, கிழங்குத் தோட்டங்கள். கரையில், வற்றுநீரில் மீன் மாட்டிக்கொள்ளும்படி கல் அடுக்கிக் கட்டிய பழங்காலக் கண்ணிகள். அந்தக் கடலில் முத்துச்சிப்பி எடுக்கும் தொழிலும் வெகுநாள் நடந்தது. 1770-இல் கேப்டன் குக் அந்த நீரிணையில் ஒரு தீவில் இறங்கிக் கொடி நட்டு, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை முழுவதும் தம் அரசருடையது என்று அறிவித்தார். 1879-இல் குவீன்ஸ்லாந்து அரசு மெர் தீவையும் சேர்த்துக்கொண்டது. தீவு மக்களுக்கு அன்றாட வாழ்வில் வித்தியாசம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அப்பன் தோட்டத்தை மகன் பயிரிட்டான்.

அத்தீவில் 1936-இல் பிறந்தவர் எடி கொய்கி மாபோ. தாயை இழந்த குழந்தையைத் தாய்மாமன் தத்தெடுத்து வளர்த்தார். வாலிபத்தில் முத்துச்சிப்பிப் படகிலும், கரும்பு வெட்டிலும், ரயில்பாதை வேலையிலும் உழைத்தார். பிறகு டவுன்ஸ்வில் நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராகச் சேர்ந்தார். வளர்த்த தந்தை நோயுற்றுக் கிடந்தபோது போய்ப் பார்க்க விரும்பினார். அக்காலச் சட்டப்படி தீவுக்குள் நுழைய அனுமதி வேண்டும், அனுமதி மறுக்கப்பட்டது. மகன் முகம் பாராமலே தந்தை இறந்தார். 1974 வாக்கில் ஒருநாள் நண்பகல் உணவு வேளையில், இரண்டு வரலாற்று ஆசிரியர்களோடு பேசிக்கொண்டிருக்கையில், தீவில் உள்ள தம் நிலத்தைப் பற்றி மாபோ சொன்னார். அவர்கள் தயங்கித் தயங்கி, சட்டப்படி அது உங்கள் நிலமல்ல, அரசின் நிலம் என்று சொன்னார்கள். அவர் நம்பவே இல்லை. தலைமுறை தலைமுறையாக உழுது உண்ட நிலம் எப்படி அரசின் நிலமாகும்?

ஆகும் என்றது சட்டம். வெள்ளையர் வந்து இறங்கியபோது ஆஸ்திரேலியா சட்டத்தின் பார்வையில் யாருக்கும் உரியதல்லாத நிலம். லத்தீனில் 'தெர்ரா நுல்லியுஸ்' என்பார்கள், ஆளற்ற நிலம். ஆள் இருந்தார்கள், ஆனால் அவர்களிடம் பத்திரம் இல்லை, வேலி இல்லை, ஐரோப்பியர் அறிந்த விதமான அரசு இல்லை. ஆகவே கண் முன்னே நின்ற மனிதர் கணக்கில் இல்லாமற் போனார்கள்.

1982 மே மாதம் மாபோவும் வேறு நால்வரும் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள். அவர்களுள் டேவிட் பாஸி என்பவர் ஆங்கிலிக்கன் சபையின் குரு. வழக்கு நடக்கும்போதே, 1985-இல், குவீன்ஸ்லாந்து அரசு ஒரு சட்டம் இயற்றியது: 1879-இல் தீவுகளைச் சேர்த்துக்கொண்ட அன்றே தீவு மக்களின் உரிமைகள் யாவும் அழிந்துவிட்டன என்றும், அதற்கு ஈடு எதுவும் தர வேண்டியதில்லை என்றும் அது சொன்னது. யெசபேலின் முத்திரை நினைவுக்கு வருகிறதா? 1988-இல் உயர் நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில், மயிரிழையில், அச்சட்டத்தைத் தள்ளியது. 1989-இல் சாட்சி விசாரணைக்காக ஒரு நீதிபதி மெர் தீவுக்கே சென்றார். தீவு மக்கள் எதைக் காட்டினார்கள்? இந்த மரம் எல்லை, அந்தக் கல் எல்லை, இந்தப் பாதை என் பாட்டன் நடந்தது என்று காட்டினார்கள். மாலோ என்று அவர்கள் போற்றும் பழைய தெய்வத்தின் கட்டளைகளைச் சொன்னார்கள்: பிறன் தோட்டத்துப் பொருளில் கை வைக்காதே, உன் பாதையை விட்டுப் பிறன் பாதையில் கால் வைக்காதே என்பது அவற்றின் கருத்து. உடைமை என்ற எண்ணமே இல்லாத மக்களிடம் இப்படி ஒரு கட்டளை எதற்கு இருக்கப் போகிறது?

1990-இல் அந்த விசாரணை நீதிபதி, மாபோ தம் வளர்ப்புத் தந்தையின் நிலத்துக்குத் தாமே வாரிசு என்று சொன்னதை ஏற்கவில்லை. அதனால் அவருடைய சொந்தக் கோரிக்கை நலிந்தது. மேலே உயர் நீதிமன்றத்தில் வழக்கு தீவு மக்கள் அனைவரின் பெயராலும் தொடர்ந்தது. 1992 ஜனவரி 21-ஆம் நாள் மாபோ புற்றுநோயால் இறந்தார். தீர்ப்பு அதே ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் வந்தது. ஏழு நீதிபதிகளுள் அறுவர், ஆளற்ற நிலம் என்ற கற்பனை இனிச் செல்லாது என்றார்கள். நாட்டை ஆளும் உரிமை வேறு. நிலத்தின் உடைமை வேறு. அரசன் மாறினான் என்பதனாலேயே உழுதவனின் உரிமை ஒழிந்துவிடாது. மெர் தீவு மக்கள் உலகம் அனைத்துக்கும் எதிராகத் தங்கள் நிலத்தை வைத்து ஆள உரியவர்கள் என்று தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டு பாராளுமன்றம் பூர்வ உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது.

பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1986 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் நடுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஆதிக்குடிகளைச் சந்தித்து, அந்த நிலம் ஆளற்றதாக இருந்ததில்லை என்ற உண்மையை எடுத்துரைத்தார் என்பதையும் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறோம். நீதிமன்றம் அதைச் சொல்வதற்கு ஐந்தரை ஆண்டுகளுக்கு முன்பு.

இத்தீர்ப்பில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு வரி உண்டு. தீவின் நிலமெல்லாம் மக்களுடையது என்று சொன்ன நீதிமன்றம், ஒரு துண்டு நிலத்தைத் தீர்ப்பின் வரம்பிலிருந்து ஒதுக்கி வைத்தது. அது மிஷன் சங்கத்தின் பெயரில் குத்தகையில் இருந்த நிலம். கோவில் நிலம்! அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

கதை இங்கே முடிந்திருந்தால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மர்ரே என்றே பெயர் கொண்ட ஓர் ஆறு ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கே ஓடுகிறது. அதன் கரையில் யோர்ட்டா யோர்ட்டா மக்கள் வாழ்கிறார்கள். செழிப்பான ஆற்றுப்படுகை, ஆகவே வெள்ளைக் குடியேறிகள் முதலில் வந்து பிடித்ததும் அதைத்தான். அம்மக்கள் சிதறினார்கள், மலோகா என்ற மிஷன் குடியிருப்பில் பலர் ஒதுங்கினார்கள். 1881-இல் அவர்களில் 42 பேர், எங்கள் நிலமெல்லாம் போய்விட்டது, உழுது பிழைக்க எங்களுக்கு நிலம் தாருங்கள் என்று ஆளுநருக்கு மனு எழுதினார்கள். நூறாண்டுக்கும் மேற்பட்டு, மாபோ தீர்ப்பை நம்பி, அவர்களின் வழிவந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பழைய வழக்கங்களை இடைவிடாமல் கைக்கொண்டு வந்ததை நிரூபியுங்கள் என்றது சட்டம். 1998-இல் கீழ் நீதிமன்றம் அந்த 1881-ஆம் ஆண்டு மனுவையே எடுத்துக்காட்டி, இவர்கள் அன்றே பழைய வாழ்வை விட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டது. மக்களின் வாய்மொழியைவிட, அந்த மண்ணில் பண்ணை வைத்திருந்த ஒரு குடியேறி எழுதிய நூலுக்கு அதிக மதிப்புத் தந்தது. வரலாற்றின் அலை அவர்கள் உரிமையை அடித்துச் சென்றுவிட்டது என்பதே அதன் முடிவு. 2002 டிசம்பரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நிலத்தைக் கேட்டு மனு எழுதியதே நிலத்தை இழந்ததற்குச் சான்றாயிற்று. இப்போது லேவியராகமத்தை மறுபடி எண்ணிப் பாருங்கள். யூபிலி கொம்பு ஊதும்போது, நீ இந்த நிலத்தை விட்டு நீங்காமல் இருந்தாயா என்று ஆண்டவர் கேட்பதில்லை. நீங்கியவனுக்காகத்தான் அந்தக் கொம்பு! இழந்தான் என்பதே அவன் திரும்புவதற்குக் காரணம். மனிதர் சட்டத்தில், கொஞ்சம் இழந்தவன் திரும்பப் பெறுகிறான். எல்லாம் இழந்தவன் வெறுங்கையோடு போகிறான். மெர் தீவு ஒதுக்குப்புறமான சின்னத் தீவு, வெள்ளையருக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை, அதனால் மக்கள் அங்கேயே இருந்தார்கள், அதனால் வென்றார்கள். ஆற்றங்கரை மக்கள் நல்ல மண்ணில் பிறந்ததற்காகத் தோற்றார்கள். பூர்வ உரிமைச் சட்டத்தைக் குறை சொல்வது நம் நோக்கமன்று; தனியாருக்கு விற்றுப்போன நிலத்தைத் தொடாமல், அரசிடம் எஞ்சியதில் மட்டும் நீதி செய்ய முயல்கிற சட்டம் அது. அந்த அளவுக்கு நல்லது. யூபிலி அதைவிடப் பெரியது.

மீனவராகிய நமக்கு இன்னொரு தீர்ப்பும் அறியத் தக்கது. டாரஸ் நீரிணைத் தீவினர் நிலத்தோடு நிற்காமல் கடலுக்கும் உரிமை கேட்டார்கள். அரசு, மீன்பிடிக்க உரிமம் பெற வேண்டும் என்று நாங்கள் சட்டம் போட்டுவிட்டோம், ஆகவே வணிகத்துக்காக மீன்பிடிக்கும் பழைய உரிமை அழிந்தது என்று வாதிட்டது. 2013 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. உரிமம் கேட்பது உரிமையை ஒழுங்குபடுத்துவது, அழிப்பது அன்று. பிடித்த மீனை வீட்டுச் சட்டிக்கு மட்டுமல்ல, சந்தைக்குக் கொண்டுபோகவும் அவர்களுக்குப் பூர்வ உரிமை உண்டு என்றது.

நம் கரைக்கு வருவோம். வெள்ளையர் காலத்து நில அளவையில், வரி விதிக்கப்படாத நிலம் புறம்போக்கு என்று எழுதப்பட்டது. வலை உலர்த்தும் மணலுக்கு யார் வரி கட்டுவார்? கருவாடு காயும் திடலுக்கு, கட்டுமரம் ஏற்றும் கரைக்கு, வாடி போடும் மேட்டுக்கு யார் தீர்வை போடுவார்? ஆகவே நம் பாட்டன்மார் நின்ற மணல் கணக்கில் ஆளற்ற நிலமாயிற்று. லத்தீன் பெயர் மட்டும்தான் வைக்கவில்லை. சுதந்தரம் வந்தது, ஆட்சி மாறியது. கணக்கேட்டில் சொல் மாறவில்லை. காட்டில் வாழ்வோருக்கு 2006-இல் நம் பாராளுமன்றம் வன உரிமைச் சட்டம் இயற்றியது. வரலாற்று அநீதி ஒன்றைச் சரிசெய்வதாக அச்சட்டத்தின் முகவுரையே சொல்கிறது. அதன் விதிகள் ஊர்ப் பெரியோரின் வாய்மொழியை எழுதிப் பதிந்தால் சான்றாக ஏற்கின்றன. கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் முதலியவற்றையும் சான்றாக ஏற்கின்றன. கடலோரத்தில் வாழ்வோருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. 2011, 2019 ஆண்டுகளின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகளில் மீனவர் குடியிருப்பு பற்றிய பிரிவுகள் உண்டு. அவை எங்கே எதைக் கட்டலாம் என்று சொல்வன. இது உன் மண் என்று சொல்வன அல்ல.

சென்ற ஆனி மாதம் நம் கரையில் கருவிகளோடு வந்து அளந்து, சிவப்புப் புள்ளி வைத்துப் போனார்கள். எதற்கு என்று கேட்டவர்களுக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. அதிலிருந்து ஊரில் ஒரு கலக்கம் இருப்பதை அறிவோம். நல்லதற்கே வந்தார்களோ, என்னவோ. எப்படியாயினும் நம் கையில் சான்று இருக்க வேண்டும். ஆற்றங்கரை மக்களைக் கேட்டது போல் ஒருநாள் நம்மையும் கேட்கலாம். கோபுரத்தையும் மலைமுகட்டையும் நேர் வைத்துப் பார்த்து, நடுக்கடலில் மீன் கிடக்கும் பாரைத் தவறாமல் கண்டுபிடிக்கிற பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கரையில் எந்தக் குடும்பம் எங்கே மடி இழுத்தது, எந்தத் திடல் எத்தனை தலைமுறையாகப் பொதுவில் இருந்தது என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. அது எழுத்தில் இல்லை. அவர்களோடு போய்விடும். சென்ற தவக்காலத்துக்குப் பின் மட்டும் நாம் ஒன்பது முதியவர்களை அடக்கம் செய்திருக்கிறோம்.

பங்குப்பேரவை சென்ற கூட்டத்தில் இரண்டு முடிவுகள் எடுத்தது. முதலாவது எழுத்து வேலை. வரும் ஞாயிறு முதல், இரண்டாம் பூசைக்குப் பின், பங்களா வராந்தாவில் ஒரு மேசை போடப்படும். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் நால்வர் நோட்டுப் புத்தகத்தோடு இருப்பார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து, தெரிந்ததைச் சொல்லிக் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். வர முடியாதவர்களின் வீட்டுக்குப் பிள்ளைகளே வருவார்கள். பழைய வீட்டுவரி ரசீது, படகுப் பதிவு, புயல் நிவாரணச் சீட்டு, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள்; படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தரப்படும். பங்கின் ஞானஸ்நானப் பதிவேடுகள் முதல் ஏட்டிலிருந்து இருக்கின்றன. எந்தக் குடும்பம் எந்த ஆண்டிலிருந்து இங்கே இருக்கிறது என்பதற்கு அவற்றிலிருந்து சான்றிதழ் எழுதித் தருவோம், கட்டணமின்றி.

இரண்டாவது, கோவில் நிலம். இதில் சிலருக்கு மனவருத்தம் உண்டு என்று தெரியும். அதனால்தான் மேடையிலேயே சொல்கிறோம். நூற்றாண்டு விழாத் திட்டத்தில் கோவிலைச் சுற்றிலும் மதில் எழுப்புவது ஒரு பகுதி. மூன்று பக்கம் வேலை முடிந்துவிட்டது. மேற்குப் பக்கத்தில், பத்திரப்படி கோவில் எல்லைக்குள் இருக்கும் மணலில், பதினொரு குடும்பத்துப் பெண்கள் கருவாடு காயப்போடுகிறார்கள். பெரும்பாலும் கைம்பெண்கள். தங்கள் மாமியார் காலத்துக்கும் முன்னிருந்து அங்கே காயப்போடுவதாகச் சொல்கிறார்கள். பத்திரம் நம் பெயரில்தான் இருக்கிறது; அதில் ஐயமில்லை. மெர் தீவில் மிஷன் சங்கத்தின் பெயரிலும் ஒரு தாள் இருந்தது. நம் பத்திரம் எழுதப்படும்போது அந்த மணலில் யார் நின்றார்கள் என்று அது சொல்லவில்லை. ஆகவே அந்தப் பதினொரு குடும்பங்களையும் கேட்டு எழுதி முடிக்கும் வரை மேற்கு மதில் கட்டப்படமாட்டாது. கேட்டபின் என்ன செய்வது என்பதற்கு ஆயர் அவர்களின் அனுமதி வேண்டும், மடல் எழுதியிருக்கிறோம். கல்லும் சிமெண்டும் வாங்கியாகிவிட்டதே என்று கமிட்டியார் கேட்டார்கள். கல் கெட்டுப்போகாது. சிமெண்டை, ஓடு ஒழுகும் பள்ளிக்கூடத்து வடக்கு வகுப்பறைக்குப் பயன்படுத்த ஏற்பாடு செய்திருக்கிறோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மேற்குக் கரைக் குடும்பங்கள் வரட்டும். அடுத்த ஞாயிறு நடுத்தெரு, அதற்கடுத்தது கிழக்குக் கரை. கண்ணாடி போடுகிறவர்கள் மறவாமல் கண்ணாடியைக் கொண்டுவாருங்கள். எழுதியதை வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.